பழைய இரும்பா, புது நகலா? எரோயிகாவுக்கு வண்டி தேடுறன்

#1 வெண்புழுதி, சூரிச்

வணக்கம் எல்லாருக்கும். வாற ஒக்ரோபரில இத்தாலி காயோலேயில நடக்கிற எரோயிகாவில (பழைய ரேஸ் சைக்கிளில ஓடுற விழா) ஓடுறது எண்டு முடிவெடுத்திட்டன். 209 கி.மீ. பெரிய சுத்துக்கு எனக்குத் தெம்பில்லை, சின்னச் சுத்தில ஒண்டு.

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். 1987க்கு முதல் செய்த ரேஸ் சைக்கிள் வேணும். கியர் லீவர் கீழ்க்குழாயில இருக்க வேணும், பெடலில கிளிப்பும் வாரும் இருக்க வேணும், பிரேக் கேபிள் ஹாண்டிலுக்கு மேலால வளைஞ்சு போக வேணும். பழசு கிடைக்காத ஆக்களுக்கு, அதே அமைப்பில இப்ப செய்யிற இரும்பு வண்டிக்கும் இடம் குடுக்கினம்.

ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கிறன். ஒண்டு 1982 எண்டு சொல்லுகினம். மிலானுக்குக் கிட்ட இருந்த ஒரு சின்னப் பட்டறையில செய்தது, பெயரை ஒருத்தருக்கும் தெரியாது. பிரேமில கொலம்பஸ் எஸ்.எல். எண்ட குழாய் வகையிட ஸ்ரிக்கர், கம்பக்னோலோ கம்பெனியிட நுவோவோ ரெக்கோர்ட் சாமான், 60 சைஸ். 900 பிராங்க் கேக்கிறார். பெயின்ற் பிறகு அடிச்ச மாதிரித் தெரியுது.

மற்றது பியாங்கியிட 'லெரோயிகா'. புத்தம் புதுசு, லக் (குழாய்களை இணைக்கிற உறை) வச்ச இரும்பு பிரேம், அவையிட அந்தச் செலெஸ்தே எண்ட வெளிர் நீலப்பச்சை நிறம். விலை பழசைவிட மூண்டு மடங்கு.

என்ர நிறை 88 கிலோ. திருத்த வேலை பெரிசாத் தெரியாது. புதுசோட போனால் அங்க சிரிப்பினமோ? சொல்லுங்கோ.

#2 கார்பன்சாமி, சென்னை

ரெண்டும் வேணாம் ப்ரோ. பத்து கிலோ இரும்பை மிதிச்சுக்கிட்டு டஸ்கனி மேடு ஏறுறதுக்குப் பேரு பொழுதுபோக்கு இல்ல, நேர்த்திக்கடன். 1994ல இந்துரைன் ஜெயிச்சதோட டூர் டி பிரான்ஸ்ல இரும்போட கதை முடிஞ்சுது. புதைச்சதை ஏன் தோண்டுறீங்க?

#3 லக்ஆசாரி, லண்டன்

சாமி, காலையிலயே ஆரம்பிச்சிட்டியா.

தம்பி வெண்புழுதி, முதல்ல அந்த ஸ்டிக்கரை மறந்துடுங்க. டீ பன் காசுக்கு இணையத்துல விக்கிறான். குழாய்தான் பொய் சொல்லாது.

சீட் போஸ்ட்டை உருவி அதுல பொறிச்சிருக்கற அளவைப் படிங்க. எஸ்.எல்.னா மேல்வாயில குழாய்ச் சுவர் 0.6 மி.மீ. அப்போ 27.2 போஸ்ட் இறங்கணும். அதே கொலம்பஸோட எஸ்.பி. வகைன்னா சுவர் ஒரு மயிரிழை தடிப்பு, 27.0 வரும். அதுக்கும் கீழ ரொம்பக் குறைஞ்சா விலை குறைஞ்ச குழாயா இருக்க வாய்ப்பு அதிகம். முடிஞ்சா வெர்னியர் வச்சுக் குழாய் வாயையே அளந்துடுங்க. முந்தின ஆளு சின்ன போஸ்ட்டைச் சொருகி இறுக்கி ஓட்டிருக்கலாம், அப்படி நிறைய பாத்துட்டேன்.

அடுத்து ஃபோர்க்கைக் கழட்டி ஸ்டியரர் குழாயோட (ஃபோர்க்கோட மேல் தண்டு) அடிவாய்க்குள்ள டார்ச் அடிங்க. துப்பாக்கிக் குழலுக்குள்ள இருக்கற மாதிரி முறுக்கிட்டுப் போற வரி அஞ்சு தெரிஞ்சா கொலம்பஸ். தெரியலேன்னா விலையைப் பாதியாக்கச் சொல்லுங்க.

இனி முக்கியமானது. நுவோவோ ரெக்கோர்ட் கிராங்க்ல பெடல் கையும் பக்கத்துல பல்சக்கரத்தைத் தாங்கற ஸ்பைடர் கையும் சேர்ற கவட்டை இருக்கே, அங்க நல்லாத் துடைச்சிட்டு நகத்தால கீறிப் பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு தட்டுப்பட்டா அழுக்குன்னு நினைக்காதீங்க, விரிசல். அந்தக் கிராங்குக்கு இது ஊரறிஞ்ச வியாதி. அலுமினியம் நாள்பட நாள்படக் களைச்சுப்போற உலோகம், இரும்பு மாதிரி முனகிட்டு வளைஞ்சு காட்டாது, ஒருநாள் பட்டுனு போயிடும். ஸ்டெம் (ஹேண்டிலைத் தாங்கற தண்டு), ஹேண்டில்பாருக்கும் இதே கதைதான். 40 வருஷப் பழைய பிரேம்ல தைரியமா உக்காருவேன். 40 வருஷப் பழைய ஹேண்டில்ல கை வைக்க யோசிப்பேன்.

இன்னொண்ணு. இத்தாலி வண்டின்னா பி.பி. (கிராங்க் அச்சு உக்கார்ற கூடு) மரை 36 மி.மீ., ரெண்டு பக்கமும் வலது மரை. செயின் பக்கத்துக் கப்பு ஓட ஓடத் தானா இளகும். பிரிட்டிஷ்காரன் அந்தப் பக்கம் இடது மரை போட்டு அந்தத் தொல்லையை முடிச்சான். இத்தாலிக்காரன், இளகினா இறுக்கிக்கன்னு விட்டுட்டான்.

#4 மேடேறி, பாரிஸ்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எரோயிகா ஓடினேன், புது நகல் வண்டியில். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வேறு ஒன்று நடந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கியர். பழைய நுவோவோ ரெக்கோர்ட் கிராங்கில் போடக்கூடிய ஆகச் சிறிய பல்சக்கரம் 41 பல், கடையில் கிடைப்பது 42. பின்னால் 26 பல் இருந்தால் பெரிய விஷயம். இதை வைத்துக்கொண்டு மோன்தே சான்தே மரியே மேட்டை நினைத்துப் பாருங்கள். தார் இல்லாத வெள்ளைச் சரளைச் சாலை. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். உட்கார்ந்தே மிதித்தால் முழங்கால் கெஞ்சும். பழைய வண்டிக்காரர்கள் பலர் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன், அவர்களைவிட இருநூறு மீட்டர் தள்ளிப்போய்! என் வண்டியில் முன்னால் சின்னச் சக்கரம் இருந்ததால் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

பழசுதான் வாங்குவேன் என்றால் டி.ஏ. நிறுவனத்தின் பழைய சைக்லோடூரிஸ்ட் கிராங்க் ஒன்றைத் தேடுங்கள். பிரான்ஸில் சந்தைகளில் இன்னும் அகப்படும். 26 பல் வரை இறங்கலாம், காலத்துக்கும் பொருந்தும்.

அந்த வேறு ஒன்று இதுதான். உணவு நிறுத்தத்தில் ரிபொல்லீத்தா சூப்பும் கியாந்தி வைனும் தருகிறார்கள். எல்லாரும் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுத்தவர் வண்டியைச் சுற்றி வருகிறார்கள். "இது என் மாமனாருடையது", "இது கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது". என்னிடம் ஒரு பெரியவர் வந்து கேட்டார். "இணையத்தில் வாங்கினேன்" என்றேன். தலையாட்டிவிட்டு நல்ல பிள்ளையாகச் சூப்பு வரிசைக்குப் போய்விட்டார்.

#5 இரும்புவாத்தியார், பர்மிங்காம்

உலோகம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் என்பதால் ஒரு குறுக்கீடு. "பழைய இரும்புக்கு ஒரு உயிர் உண்டு, புதுசுக்கு அது வராது" என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எல்லா இரும்புக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். பேர்போன ரெனால்ட்ஸ் 531 சைக்கிள் குழாய் ஆனாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் தண்ணீர்க் குழாய் ஆனாலும் சரி. வேறுபடுவது வலு, அதாவது எவ்வளவு சுமையில் நிரந்தரமாக வளையும் என்பது. வலுவான இரும்பென்றால் சுவரை மெலிதாக்கலாம். மெலிதானால் எடை குறையும், கொஞ்சம் துள்ளும். அந்தத் துள்ளலைத்தான் உயிர் என்கிறோம்.

சுவரைச் சீராக மெலிதாக்க முடியாது. பற்றவைக்கும் சூட்டில் முனைகள் பலம் இழக்கும். அதனால் முனை தடிப்பாகவும் நடு மெலிதாகவும் இழுத்த குழாய். ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் இதே ஊரில் 1897இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆணி செய்த குடும்பம்! 531 வந்தது 1935இல், மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்தது. கொலம்பஸ் எஸ்.எல். குரோம்-மாலிப்டினம், 0.9 - 0.6 - 0.9 மி.மீ. உங்கள் விரல் நகத்தின் தடிமன்தான் நடுவில் இருக்கிறது. அதன் மேல் 88 கிலோ ஏறிச் சரளையில் இறங்குகிறது. எனக்கு இதைவிடப் பெரிய கவிதை தெரியாது.

சொகுசைப் பற்றிப் பேசுவதானால் பிரேமை விடுங்கள், டயரைப் பாருங்கள். ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் இடமிருந்தால் 28 மி.மீ. போடுங்கள். பழசுக்கும் புதுசுக்கும் நடுவே நீங்கள் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

#6 கார்பன்சாமி, சென்னை

அப்ப வாத்தியாரே சொல்லிட்டாரு, எல்லா இரும்பும் ஒண்ணுதான். 😄

#7 இரும்புவாத்தியார், பர்மிங்காம்

விறைப்பு ஒன்று என்றேன். பாதியைப் படித்துவிட்டு ஓடுகிற மாணவனுக்கு எந்த ஊரிலும் குறைவில்லை.

#8 அம்பத்தூர்க்காரன், சென்னை

ரெனால்ட்ஸ் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. 1980இல் ஜூப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த அணியின் பெயர் டி.ஐ.-ராலே. சிவப்பு, மஞ்சள், கறுப்புச் சட்டை. படம் பார்த்திருப்பீர்கள். அந்த டி.ஐ. எது தெரியுமா? டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ். 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து நம்ம ஊர் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய அதே பிரிட்டிஷ் கம்பெனி. அப்போது ரெனால்ட்ஸும் அவர்களுடையது, 1960 முதல் சைக்கிள் கம்பெனி ராலேயும் அவர்களுடையதாக இருந்தது. அதாவது அப்பா கேரியரில் அரிசி மூட்டை கட்டி ஓட்டிய ஹெர்குலிஸும் சூட்டமெல்க் பாரிஸுக்குள் ஓட்டி வந்த வண்டியும் ஒருவகையில் பங்காளிகள்.

எங்கள் தெருவில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வைத்திருந்தவன்தான் ராஜா. அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான். ஆனால் பங்காளி வீட்டுச் சொத்து நமக்கு வரவில்லை, அது வேறு விஷயம்.

#9 லக்ஆசாரி, லண்டன்

அம்பத்தூர் அண்ணே, சரியான எடத்துல தொட்டீங்க. நகல் நகல்னு பேசுறோமே, ராலே கதையை எடுத்துக்கங்க.

அணி ஓட்டுன வண்டி இல்க்ஸ்டன்ல தனிப்பட்டறையில செஞ்சது. ஜெரால்ட் ஓ'டோனவன் பாத்துக்கிட்ட பட்டறை. குழாய் ரெனால்ட்ஸ் 753. சூட்டுப் பதம் குடுத்த குழாய், 531ஐ விட மெலிசு. பித்தளை வச்சுப் பத்தவச்சா பதம் கெட்டுடும், வெள்ளிப் பத்துதான் வைக்கணும். பத்தவைக்கறவன் மாதிரி ஒண்ணு செஞ்சு அனுப்பி, ரெனால்ட்ஸ் சோதிச்சுப் பாத்து ஒத்துக்கிட்டாத்தான் குழாயே குடுப்பான். கடையில ஜனங்களுக்கு வித்தது அதே வர்ணம், அதே எழுத்து, ஆனா 531. அதுக்கு அப்பவே 'டீம் ரெப்ளிகா'னுதான் பேரு. இப்போ அந்த வண்டியை அசல்னு தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறோம், விலையும் அப்படித்தான் ஏறுது. நானும் ரெண்டு வித்திருக்கேன், பொய் சொல்லக் கூடாது.

இதுல வேடிக்கை, சூட்டமெல்க் ஜெயிச்சு 40 வருஷம் ஆனதை ஒட்டி ராலே மறுபடி ஒரு நகல் போட்டான். அது 753 குழாய்ல! குழாயைப் பொறுத்தவரைக்கும் அன்னிக்குக் கடையில வித்ததை விட இந்தப் புது நகல்தான் சூட்டமெல்க் வண்டிக்கு நெருக்கம்.

பெல்ஜிய வீரர் மெர்க்ஸ் கதையும் அதேதான். அவரோட அணி மொல்தேனியோட ஆரஞ்சு வர்ணத்துல அவர் பேரு போட்ட வண்டியை முதல்ல கொல்னாகோ கட்டுனாரு, 73க்கு அப்புறம் உகோ தே ரோசா. மிலான்ல விகோரெல்லி மைதானத்துக்கு அடியில உக்காந்து ஃபலியேரோ மாசி கட்டுன பிரேம் எத்தனையோ வீரருக்கு எத்தனையோ கம்பெனி ஸ்டிக்கரோட போச்சு. பொற்காலம் பொற்காலம்ங்கறோமே, அந்தக் காலத்துலயே ஸ்டிக்கர் ஒண்ணு, கை ஒண்ணு.

#10 துருப்பிடித்தவன், டொராண்டோ

லக்ஆசாரி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் புது நகல்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவை ரேஸ் வண்டியை நகலெடுப்பதில்லை. கல்யாண ஆல்பத்தில் இருக்கும் ரேஸ் வண்டியை நகலெடுக்கின்றன. எங்கு பார்த்தாலும் குரோம், பளபளப்பு, பழுப்புத் தோல் சீட், அதே பழுப்பில் கைப்பிடி நாடா. உண்மையான அணி வண்டி வேலைக்காரன் கைச் சுத்தியல் மாதிரி. சீசன் நடுவில் அடி வாங்கும், மேலே இன்னொரு பூச்சு, மறுபடி ஓட்டம். நான் சேர்த்து வைத்திருக்கும் மூன்று வண்டியிலும் பெயிண்ட் உரிந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். (என் மனைவி கருத்து வேறு.)

இன்னொன்று. எல்லாவற்றையும் நகல் என்று ஒரே கூடையில் போடாதீர்கள். கொல்னாகோவின் மாஸ்டர் 1983இல் வந்தது, நட்சத்திரம் மாதிரி வரிவரியாக அழுத்திய குழாய். அதன் வழி வந்ததை இன்றும் செய்கிறார்கள். சினெல்லியின் சூப்பர்கோர்சாவும் அப்படி. அவை நிறுத்தாமல் ஓடும் வீட்டு அடுப்பு. பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைப்பது வேறு சமாச்சாரம். வெண்புழுதிக்குப் பணம் இருந்தால் முதல் வகைக்குப் போகச் சொல்வேன்.

#11 மேடேறி, பாரிஸ்

துருப்பிடித்தவன், அதே மாஸ்டரில் இன்று பெரும்பாலும் பிரேக் லீவரிலேயே கியர் வைத்து ஓட்டுகிறார்கள். எரோயிகாவுக்கு எடுத்துப்போக லீவர், பிரேக், பெடல் எல்லாம் மாற்ற வேண்டும். அடுப்பு அதேதான், மேலே இண்டக்‌ஷன் இருக்கிறது.

#12 துருப்பிடித்தவன், டொராண்டோ

அடி பலம். வாங்கிக்கொண்டேன்.

ஆனால் இரும்பு செத்ததாகக் கார்பன்சாமி எழுதியதை விடமாட்டேன். ஜப்பானில் ஜனங்கள் பணம் கட்டிப் பார்க்கும் கெய்ரின் சைக்கிள் பந்தயத்தில் ஆண்கள் இன்றைக்கும் பெரும்பாலும் ஓட்டுவது இரும்பு பிரேம்தான். என்.ஜே.எஸ். என்ற அங்கீகார முத்திரை இல்லாத திருகாணிகூட உள்ளே போகாது. அங்கே பேர்போன நாகசாவா, இத்தாலியில் தே ரோசாவிடம் தொழில் கற்றவர். அவர் கட்டிய வண்டியில்தான் நகானோ கோஇச்சி 1977 முதல் 86 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வாங்கினார். இதைப் புதைக்க வேண்டுமென்றால் பெரிய குழி வெட்ட வேண்டும்.

#13 கார்பன்சாமி, சென்னை

சரி சரி, கெய்ரின் விஷயம் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டிங்கறது சூதாட்டத்துக்காக வச்ச விதி. பந்தயம் கட்டுறவன் ஆளைப் பாத்துக் கட்டணும், வண்டியைப் பாத்து இல்ல. அது இரும்பு மேல வச்ச பாசம் கிடையாது. வேகம்னு வந்தா நான் சொன்னதுதான்.

#14 இரும்புவாத்தியார், பர்மிங்காம்

இந்தமுறை கார்பன்சாமி பக்கம் நியாயம் இருக்கிறது. கணக்கோடு காட்டுகிறேன்.

1972இல் மெக்சிகோ சிட்டியில் மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் ஓட்டியது 49.431 கி.மீ. கொல்னாகோ கட்டிய இரும்பு வண்டி, ஆறு கிலோவுக்கும் குறைவு, எடை குறைக்க ஹேண்டில்பாரிலும் செயினிலும்கூட ஓட்டை போட்டிருந்தார்கள். பிறகு சாதனைகள் எகிறின. 1996இல் கிறிஸ் போர்ட்மன் மான்செஸ்டரில் விசேஷ வண்டியில், கையை முன்னால் நீட்டிப் படுத்தபடி 56.375 கி.மீ. போனார். இது மனிதனை அளக்கிறதா வண்டியை அளக்கிறதா என்று உலக சைக்கிள் சங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. மெர்க்ஸ் காலத்து அமைப்பில் ஓட்டினால்தான் செல்லும் என்று விதியைத் திருப்பினார்கள். 2000இல் அதே போர்ட்மன், அதே மான்செஸ்டரில், வளைந்த ஹேண்டிலும் கம்பிச் சக்கரமும் வைத்து ஓட்டினார். 49.441 கி.மீ. மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் அதிகம்.

நாலே வருடத்தில் ஒரே மனிதனிடமிருந்து ஏழு கிலோமீட்டர் போய்விட்டது. வயதுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மீதி வண்டியும், அதைவிட அதிகமாக உட்காரும் கோலமும். ஆகவே வேகம் வேண்டுவோர் இந்த இழைக்கு வரக்கூடாது.

#15 மட்டுறுத்துநர்

சிலர் விற்பனை இணைப்புகளைப் போட்டிருந்தீர்கள், நீக்கியிருக்கிறேன். சந்தைப் பகுதி தனியாக உள்ளது. ஸ்டிக்கர் விற்பவருக்கும் இதே பதில்தான்.

#16 வெண்புழுதி, சூரிச்

நேற்று போய்ப் பாத்திட்டு வந்தனான். வெர்னியர், டோர்ச் எல்லாம் கொண்டு போனதைப் பாத்து அந்த மனுசன் நான் ஏதோ காவல்துறை எண்டு நினைச்சிட்டார்.

சீற் போஸ்ற் 27.0. குழாய் வாயையும் அளந்தனான், அதுக்குச் சரியாத்தான் இருக்கு. ஃபோர்க்கை அவரே கழட்டித் தந்தார். உள்ளுக்குள்ள வரி இருக்கு! அஞ்சு. எண்ணிப்போட்டு இன்னொருக்காவும் எண்ணினனான். அப்ப ஸ்ரிக்கர் எஸ்.எல்., குழாய் எஸ்.பி.யோ? ஏமாத்திறாரோ?

கிராங்கில வலது பக்கம் லக்ஆசாரி அண்ணை சொன்ன அதே இடத்தில கோடு ஒண்டு இருக்கு. நகம் மாட்டுது.

#17 லக்ஆசாரி, லண்டன்

ஏமாத்து இல்ல தம்பி, நல்ல சேதி. 60 சைஸ் மாதிரி பெரிய பிரேமுக்கு எஸ்.பி. போடுறது பட்டறை வழக்கம். எஸ்.எல். போட்டா நீளக் குழாய் நெளியும். மறுபெயிண்ட் அடிச்சவன் கையில கிடைச்ச ஸ்டிக்கரை ஒட்டிருக்கான். 88 கிலோவுக்கு, அதுவும் சரளைக்கு, நீங்க தேடி அலைஞ்சாலும் இதைவிடப் பொருத்தமான குழாய் கிடைக்காது.

கிராங்கைத் தொடாதீங்க. அதைக் காட்டி விலையைக் குறைங்க.

வாங்கினா, ஹப்பு, பி.பி., ஹெட் மூணையும் பிரிச்சு ஓவராயில் பண்ணுங்க, பால்ஸ் எல்லாம் புதுசு போடுங்க. சக்கரத்துல கோட்டம் எடுக்கணும். பிரேக் கட்டையைப் புதுசா மாத்துங்க. ஸ்டெம், ஹேண்டில் ரெண்டும் இப்போ செய்யற வெள்ளி நிறத்துல பழைய அமைப்புல கிடைக்குது, 22.2 மி.மீ. தண்டுன்னு கேளுங்க. அந்த ரெண்டுக்கு மட்டும் நகல்தான் நல்லது, வெக்கமே படாதீங்க.

#18 துருப்பிடித்தவன், டொராண்டோ

அந்தப் பெயர் தெரியாத பட்டறையின் லக்கில் ஏதாவது செதுக்கல் இருக்கிறதா? சீட் குழாய் உச்சியில், பி.பி. அடியில் பாருங்கள். எழுத்தோ, இதயமோ, பூவோ. படம் போடுங்கள்.

#19 வெண்புழுதி, சூரிச்

அடியில ஒரு எண் இருக்கு, அதுக்குப் பக்கத்தில 'ஆர்' மாதிரி ஒரு எழுத்து. பெயின்ற் மூடியிருக்கு. வேற ஒண்டுமில்லை.

650 பிராங்குக்கு எடுத்திட்டன். வீட்டுக்குக் கொண்டு வர ரெயினில ஒரு வயசான இத்தாலிக்கார மனுசன் பக்கத்தில வந்து நிண்டு, மேற்குழாயைத் தட்டிப் பாத்தார். சத்தத்தைக் கேட்டு என்னவோ சொன்னார், எனக்கு விளங்கேல்லை. சிரிச்சுக்கொண்டு லுகானோவில இறங்கிட்டார். மேடேறி அக்கா, சூப்பு வரிசையில சொல்ல எனக்கு ஒரு கதை வந்திட்டுது.

இப்ப வலது கிராங்க் மட்டும் வேணும். இடது நல்லா இருக்கு, 170 எண்டு பொறிச்சிருக்கு.

#20 லக்ஆசாரி, லண்டன்

பெட்டியில ஒரு வலது கை கிடக்கு, விரிசல் இல்லாதது. ஆனா 172.5.

#21 கார்பன்சாமி, சென்னை

ஒரு காலு ரெண்டரை மில்லி நீளமா மிதிச்சா மேட்டுல வட்டமா சுத்துவாரா, நேரா போவாரா? வாத்தியார் சொல்லணும்.

#22 வெண்புழுதி, சூரிச்

அண்ணை, அனுப்பாதேங்கோ. 😄 மேடேறி அக்கா சொன்ன அந்த டி.ஏ. கிராங்க், பாரிஸில எந்தச் சந்தையில பாக்கலாம்?

#23 மேடேறி, பாரிஸ்

ஞாயிறு காலை வான்வ் சந்தைக்குப் போகிறேன். உங்கள் பி.பி. அச்சு நீளத்தை அளந்து தனிமடலில் போடுங்கள். டி.ஏ.வுக்கு அச்சு வேறு, பெடல் மரையும் பழைய பிரெஞ்சு மரையாக இருந்தால் உங்கள் பெடல் ஏறாது. பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.